காலியாகத் தெரியும் பாடவேளை

ஆசிரியர்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று பேச்சு வந்தால், சம்பளம் போதவில்லை என்றோ இக்காலத்தவருக்கு அர்ப்பணிப்பு இல்லை என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். சம்பளம் முக்கியம்தான், அதை மறுப்பவர் பெரும்பாலும் சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர். ஆனால் ஒருவர் ஒரு பள்ளியில் நிலைப்பதையும் அங்கே பிள்ளைகள் கற்பதையும் ஒருசேரத் தீர்மானிப்பது அவருடைய அன்றாட வேலைநாளின் அமைப்பே என்பது என் கருத்து.

கால அட்டவணையில் காலியாகத் தெரியும் அந்த ஒரு பாடவேளையையே பாருங்கள். கணக்கு நோட்டுகளை மேசைமீது அடுக்கி, சிவப்புப் பேனாவைத் திறக்கும் நேரத்தில், விடுப்பில் இருப்பவரின் வகுப்பைக் கவனிக்கச் சொல்லிக் குறிப்பேடு கையெழுத்துக்கு வந்துவிடும். அன்றைய நோட்டுகள் வீட்டுக்குப் போகும். அல்லது பிழை எங்கே என்று சொல்லாத வெறும் கையொப்பத்தோடு பிள்ளைகளிடம் திரும்பும். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதிய பிள்ளை, மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனியே கூட்டியதுதான் தவறு என்பதை அறியாமலே அடுத்த பாடத்துக்குப் போய்விடும்.

அனுபவம் தானாகவே ஆசிரியரை மெருகேற்றிவிடும் என்பதும் பாதி உண்மைதான். அமெரிக்காவின் வட கரோலினாவில் மேத்யூ கிராஃப்ட், ஜான் பேபே ஆகியோர் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்கும் சக ஆசிரியர்களின் ஒத்துழைப்பும் நிர்வாகத்தின் துணையும் நிறைந்த பள்ளிகளில் பணியாற்றியவர்கள், அவை குறைந்த பள்ளிகளில் இருந்தவர்களைவிடப் பத்தாண்டுகளில் 38 சதவீதம் அதிகமாக முன்னேறியிருந்தார்கள்.

விலகலின் இழப்பு, போனவரின் வகுப்போடு நிற்பதில்லை. நியூயார்க் நகரின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைப் பற்றி 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆசிரியர்கள் அடிக்கடி மாறிய இடங்களில், தங்கள் ஆசிரியர் மாறாத மாணவர்களின் கற்றலும் பாதிக்கப்பட்டதைக் காட்டியது. இதில் எனக்கு வியப்பில்லை. காலியிடம் நிரம்பும்வரை எஞ்சியவர்களின் ஓய்வு வேளைகள்தாம் அந்த வகுப்புகளைத் தாங்குகின்றன. புதியவர் வந்த பிறகும், பாடத்திட்டம் முதல் பதிவேடு வரை அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை, எந்த அட்டவணையிலும் ஏறாமல் அவர்கள் தலையிலேயே விழுகிறது. அடுத்த விலகல் கடிதம் பெரும்பாலும் அவர்களில் ஒருவரிடமிருந்தே வருகிறது.