மாடி கழுவ வந்தவன்

முதல் நாள் வேலைக்குப் போன வீட்டில், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுகிற என் மிஷினை ஓட்டவே முடியவில்லை.

தருமபுரி பாரதிபுரத்தில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரின் வீடு. மொட்டை மாடியில் பதித்த வெள்ளை கூல் டைல்ஸ், மழை முடிந்ததும் பாசி பிடித்துக் கருத்துக் கிடந்தது. டிவிஎஸ் எக்ஸெல்லில் மிஷினைக் கட்டிக்கொண்டு காலை 7 மணிக்கே போய் இறங்கிவிட்டேன். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த பிளக் பாயின்டில் சொருகப் போனால், அது போன் சார்ஜ் போடுகிற சின்ன பாயின்ட். என் மிஷினுக்கு இருப்பதோ பெரிய மூன்று பின் பிளக். 1,800 வாட் மிஷின், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாயின்டில் எப்படியாவது மாட்டி ஓட்டினால் பாயின்ட் உருகிவிடும். அந்த வீட்டில் பெரிய பாயின்ட் இரண்டே இடத்தில்தான். ஒன்று கீசருக்கு, இன்னொன்று சமையலறையில். டீச்சர் எடுத்துக் கொடுத்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சமையலறையில் மாட்டி மாடி வரைக்கும் இழுத்தோம். சுவிட்சைப் போட்டால் மிஷின் முக்கியதே தவிர ஓடவில்லை. வயரைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. அவ்வளவு மெல்லிசு வயரில் அவ்வளவு தூரம் போனால் வோல்ட்டேஜ் இறங்காமல் என்ன செய்யும்?

“வயரு எரிஞ்சு வீடு போயிடப் போவுதுப்பா. நாளைக்கு வா” என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலமே தடிமனான 2.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் கேபிள் 30 மீட்டர் வாங்கினேன். மிஷின் விலையில் கிட்டத்தட்ட பாதி அதற்கே போயிற்று. தொழில் தொடங்குகிறேன் என்று மிஷின் விலை விசாரித்து என்னிடம் போன் செய்கிறவர்களிடம் இப்போதெல்லாம் முதலில் வயர் விலையைத்தான் சொல்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பாலக்கோடு பக்கம் ஊர். ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் 6 வருஷம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். 2021-இல் வேலை போயிற்று. அப்புறம் ஒரு டூவீலர் வாட்டர் வாஷ் கடையில் 8 மாதம். அங்கேதான் தண்ணீர் பீய்ச்சுகிற கன் கையில் வந்தது. வண்டியில் காய்ந்துபோன சேற்றை இது இப்படி உரிக்கிறதே, மாடியில் இருக்கிற பாசி எம்மாத்திரம் என்று தோன்றியது. மனைவியின் கம்மலை அடகு வைத்து ஒரு சின்ன மிஷின், 8 மீட்டர் ஹோஸ், ஒரு நீல டிரம், ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். சரக்கு அவ்வளவுதான். பெரிய பெட்ரோல் இன்ஜின் மிஷின் வாங்கவும், அதை ஏற்றிக்கொண்டு போக வண்டி வாங்கவும் என் வீட்டில் அவ்வளவு கம்மல் இல்லை.

மிஷின் டப்பாவில் தண்ணீரின் அழுத்தம் 130 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த எண்ணை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அது மிஷினால் முடிகிற உச்சம். வேலை செய்யும்போது நிற்கிற அழுத்தம் அதைவிட நன்றாகவே குறைவு. அழுத்தத்தை விடுங்கள், நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் தள்ளுகிறது என்று டப்பாவின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் வேலையின் வேகம். என்னுடையது 6 லிட்டர். பாசி போக வேண்டுமென்றால் கன்னைத் தரைக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும், பிடித்தால் ஒரு தடவைக்கு உள்ளங்கை அகலம்தான் வெளுக்கும்.

அந்த உள்ளங்கை அகலத்தில் டீச்சர் வீட்டு 600 சதுர அடியையும் மறுநாள் காலை 8 மணிக்கு ஆரம்பித்து சாயங்காலம் 5 மணி வரை கழுவினேன். ஈரத்தில் பளபளவென்றுதான் இருந்தது. காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் போன் வந்தது.

“ஏம்ப்பா, மாடியைக் கழுவுனியா, ஏர் ஓட்டுனியா?”

போய்ப் பார்த்தேன். கடலைக்கு உழுது போட்ட நிலம் மாதிரி சால் சாலாகக் கோடு. கன் போன இடம் வெள்ளை, இரண்டு இழுப்புக்கு நடுவே சாம்பல். காய்ந்த பிறகுதான் இந்தக் கோடு தெரியும். காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் வாங்கவில்லை. 30 வருஷம் அறிவியல் எடுத்தவர், விடுவாரா? மாடிப்படியில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். “பாசி உயிருள்ளதுப்பா. நீ அதும் தோலை உரிக்கிற. வேர் மாதிரி ஒண்ணு டைல்ஸ் துவாரத்துல உட்காந்திருக்கு. அதைச் சாகடிச்சாத்தான் கறை போவும். பிளீச்சிங் பவுடர் போட்டு ஊற வெச்சியா?”

நான் வைக்கவில்லை. 130 பார் இருக்கும்போது பவுடர் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அன்று அவரே ஒரு பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும் வரை விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்துத் தரையில் பரப்பினோம். தெளியவிடாமல் ஊற்றினால் வெள்ளைத் திட்டு படியும். கால் மணி நேரம் காயவிடாமல் ஈரமாகவே வைத்தோம். கண் முன்னாலேயே கருப்பு பழுப்பாகி, பழுப்பு வெளிறியது. அதன் பிறகு கன்னை ஒரு முழம் தூக்கிப் பிடித்துக்கொண்டு விசிறி மாதிரி ஓட்டினால் போதுமாக இருந்தது. கோடும் இல்லை. நாள் முழுக்க இழுத்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

இன்னொரு லாபமும் இருந்தது. என் மிஷினில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார். 20 நிமிஷம் ஓடினால் ஓய்வு கேட்கும், கொடுக்காவிட்டால் புகையும். முதல் தடவை அது ஆறும் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன், டீச்சர் வந்து முறைத்தார். இப்போது மிஷின் ஆறுகிற நேரத்தில் அடுத்த பாதியில் பவுடர் தண்ணீர் ஊற்றுகிறேன். பார்க்கிறவர்களுக்கு ஆள் ஓயாமல் வேலை செய்கிற மாதிரி தெரியும்.

பவுடரோடு ஆசிட் சேரக் கூடாது என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் தெரிந்தது. நான் பவுடர் ஊற்றிவிட்டுக் கீழே வயர் பார்க்கப் போன சமயம், ஒரு வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் என்று உப்புக்கறை மேல் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிட்டார். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. இருவரும் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடி வந்தோம். திறந்த மாடியாக இருந்ததால் பிழைத்தோம். அன்றிலிருந்து, நான் இருக்கும் வரை ஆசிட் பாட்டில் வெளியே வரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காரிமங்கலத்தில் நடந்தது வேறு மாதிரி. மாடி நன்றாக வந்தது. கழுவிய தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, பின்வாசல் துளசி மாடத்தைச் சுற்றித் தேங்கியதை நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த அக்கா போன் செய்தார். திட்டவில்லை. “துளசி கருகிடுச்சு தம்பி. மாமியார் வெச்சது” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. நர்சரியில் ஒரு கன்று வாங்கிக்கொண்டு போனேன். அவரே மண்ணை மாற்றி நட்டுக்கொண்டார். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி துளசி எங்கே இருக்கிறது என்பதுதான். தொட்டியாக இருந்தால் நகர்த்தி வைப்பேன், மாடமாக இருந்தால் முன்னாடியும் பின்னாடியும் நல்ல தண்ணீரை ஊற்றி மண்ணை நனைத்துவிடுவேன். அழுக்குத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பது இதில் பாதி வேலை. காலையில் பக்கத்து வீட்டுக் கோலத்தின் மேல் கருந்தண்ணீர் ஓடி, நான் இரண்டு குடும்பத்துக்கு நடுவே நின்று பேச்சு வாங்கிய கதை தனி.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. நிமிஷத்துக்கு 6 லிட்டர் என்றால் மணிக்கு 360 லிட்டர். முதல் தடவை டீச்சர் வீட்டில் ஓய்வு போக 5 மணி நேரம் ஓட்டியிருப்பேன், 1,800 லிட்டர். அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண வைத்தது எதிர் வீட்டு ஆயா. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று, மாடிக் குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

நான் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். என் முன்பற்களில் பழுப்புக் கோடு உண்டு. எங்கள் பக்கம் என் வயசுக்காரர்கள் நிறையப் பேருக்கு இருக்கும். நிலத்தடிப் பாறையிலிருந்து தண்ணீரில் கரைகிற ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது. பல் முளைக்கிற வயசில் குடித்தால் எனாமலிலேயே தங்கிவிடும். அது எந்தப் பவுடர் போட்டாலும் போகாத கறை. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் காவிரித் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்கு ஓட ஆரம்பித்தது. அந்தத் தண்ணீர் வருகிற குழாயில் நான் ஹோஸ் மாட்டுவதில்லை. வீட்டுக்காரரே மாட்டச் சொன்னாலும் மாட்டுவதில்லை. போர் தண்ணீர் மட்டும்தான். இதைப் பெரிய கொள்கை என்று சொல்ல வரவில்லை, அந்த ஆயாவின் பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

போர் தண்ணீரின் தொல்லை வேறு. பொடி மணல் வரும், உப்பு வரும். மணல் உள்ளே போனால் பம்பின் வால்வில் உட்கார்ந்துகொண்டு மிஷின் விட்டு விட்டு அடிக்கும். மிஷினோடு வந்த வலை அதற்குக் காணாது. பழைய வேட்டியை நான்காக மடித்து டிரம் வாயில் கட்டி, அதன் வழியாகத்தான் தண்ணீர் பிடிக்கிறேன். மாடியில் தொட்டிக் குழாயிலிருந்து நேராக இழுத்தால் உயரம் போதாமல் காற்றும் தண்ணீருமாக வந்து மிஷின் இருமும். அதனால் டிரம்மை நான்கு செங்கல் மேல் ஏற்றி வைத்து, ஹோஸில் முதலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டுதான் சுவிட்சைப் போடுவது. கிரானைட் படியில் உப்புத் தண்ணீரைக் காயவிட்டால் வெள்ளை பூத்துவிடும், உடனே வைப்பர் போட்டு இழுக்க வேண்டும். ஊரைச் சுற்றி கிரானைட் குவாரி, அதனால் இங்கே சின்ன வீட்டு வாசலிலும் கிரானைட் படி இருக்கும்.

காசு விஷயத்தில் நான் தப்புக் கணக்குப் போட்டது, எனக்குப் போட்டி இன்னொரு மிஷின்காரன் என்று நினைத்தது. போட்டி தென்னந்துடைப்பம். “ரெண்டு பொம்பளை ஆள வெச்சா தேய்ச்சுட்டுப் போயிடுவாங்களே” என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நியாயமான பேச்சுதான். முதலில் மணிக் கணக்கில் கூலி கேட்டேன், மக்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்கள். இப்போது சதுர அடிக்கு இரண்டரை ரூபாய். 600 சதுர அடிக்கு 1,500. கரண்ட் பில் ஏறிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு, மணிக்கு 1.8 யூனிட், மொத்தம் மூன்று யூனிட் கூட ஆகாது என்று கணக்குச் சொல்கிறேன். அப்படியும் துடைப்பமே போதும் என்கிறவர்களிடம் வாதாடுவதில்லை. டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் உதிர்ந்து போயிருந்தால் நானே துடைப்பம் போதும் என்று சொல்லிவிடுவேன். அங்கே கன் அடித்தால் இடுக்கு திறந்து, அடுத்த மழைக்கு வீட்டுக்குள் ஒழுகும், பழி நம்மேல் வரும்.

ஐப்பசியில் ஆரம்பித்து பொங்கல் வரை நிற்க நேரம் இருக்காது. மாசிக்கு மேல் யாரும் கூப்பிட மாட்டார்கள். பாசி தானாகக் காய்ந்துவிடும், தண்ணீரும் இருக்காது. முதல் கோடையில் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்குக் கூலிக்குப் போனேன். கம்மலை மீட்க முடியவில்லை. இரண்டாம் கோடையில்தான் ஒன்று உறைத்தது. தொட்டி காலியாகக் கிடக்கிற மாதம்தானே தொட்டி கழுவத் தோதான மாதம்? அடியில் நிற்கிற கால் தொட்டித் தண்ணீரே போதும். உப்பு படிந்த சின்டெக்ஸ் தொட்டியும் சம்ப்பும் கழுவ ஆரம்பித்தேன். சம்ப்புக்குள் மிஷினையும் வயரையும் இறக்குவதில்லை. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டு, மேலே ஒருவரை நிற்க வைத்துவிட்டு, பிரஷ்ஷும் பக்கெட்டுமாகத்தான் இறங்குவது. அந்த வருஷம் ஆடிக்குள் கம்மல் வீட்டுக்கு வந்துவிட்டது.

பெரிய மிஷின் எப்போது வாங்கப் போகிறாய் என்று பலர் கேட்கிறார்கள். விலை பார்த்துத்தான் வைத்திருக்கிறேன். நிமிஷத்துக்கு 15 லிட்டர் தள்ளும் என்று கடைக்காரர் சொன்னதும் வேட்டி கட்டிய என் டிரம்மை நினைத்துக்கொண்டேன். இன்னும் வாங்கவில்லை.

போன கார்த்திகையில் டீச்சர் போன் செய்தார். “பாசி திரும்ப வந்துடுச்சுப்பா. நானே பவுடரைக் கரைச்சுத் தெளிய வெச்சுட்டேன். ஊத்துறதும் நானே ஊத்திடுறேன். நீ மிஷினை மட்டும் எடுத்துட்டு வா. அதுக்குத் தகுந்த மாதிரி காசைக் குறைச்சுக்கோ.”

200 ரூபாய் குறைத்துக்கொண்டேன். அவர் 300 கேட்டார்.