கிள்ளிகுளத்துக் கத்தரி

பாவூர்சத்திரம் சந்தைக்குக் கத்தரி ஏற்றிவிட்டு வந்த பெரியப்பா, விதை பரிந்துரைக்கும் வேளாண் கல்லூரி விஞ்ஞானிகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "காலேஜ் சாரே சொல்லுதாருன்னா நம்பத்தானல செய்யணும்" என்றார். அந்த நம்பிக்கையை மதிப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பால்வெள்ளைக் காய்களைக் கொத்துக் கொத்தாகத் தரும் கேகேஎம் 1, நம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியின் கத்தரி ரகம். மஹிகோ விதை நிறுவனத்தின், காய்த்துளைப்பான் புழுவைக் கொல்லும் பி.டி. என்ற பாக்டீரியா மரபணுவைப் புகுத்துவதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்ட நான்கு ரகங்களில் அதுவும் ஒன்று. அந்தத் திட்டத்துக்கு அமெரிக்க அரசின் உதவி நிதியும் வந்தது. 2010 பிப்ரவரியில் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரியைச் சாகுபடிக்கு விடாமல் நிறுத்தி வைத்தபோது, விதையை விற்கவிருந்த நிறுவனமே பாதுகாப்புச் சோதனைகளையும் நடத்தியது குறித்த கேள்வி பெரிதாக எழுந்தது. அதே ஆண்டில் நாட்டின் ஆறு அறிவியல் கழகங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆதரவு அறிக்கையில், பி.டி. கத்தரி ஆய்விலேயே ஈடுபட்டிருந்த ஒரு விஞ்ஞானியின் கட்டுரை வரிகள் அப்படியே இடம்பெற்றிருந்தது என்னை இன்றும் வருத்துகிறது.

நிறுவனத்தோடு சேர்ந்து செய்த ஆய்வெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. (காய்த்துளைப்பான் புழுவின் தொல்லை உண்மை, அதற்கு மருந்தடித்துக் கை புண்ணானவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு.) ஆனால் ஒரு விதையைப் பரிந்துரைக்கும் விஞ்ஞானி, தன் ஆய்வுக்கு யாரிடமிருந்து என்ன வந்தது என்பதைப் பெரியப்பாவைப் போன்றவர்களிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.