ஃபார்மேட் செய்யச் சொன்னார்கள்: ஏற்காட்டு வீட்டுச் சர்வரில் ஹார்ட் டிஸ்க் மவுண்ட் ஆன கதை

மழைக்காலத்தில் ஏற்காட்டில் மின்தடை புதிதல்ல என்பதால், மின்சாரம் போய்த் திரும்பியதும் வீட்டுச் சர்வர் தானாக எழுந்து, தன்னோடு இணைத்த ஹார்ட் டிஸ்க்குகளையும் தானாக மவுண்ட் செய்துகொள்ள (ஒரு கோப்புறையின் இடத்தில் இணைத்துத் திறந்துகொள்ள) வேண்டும் என்பது ஒன்றே என் எதிர்பார்ப்பாக இருந்தது. சர்வர் என்பது ராஸ்பெர்ரி பை 4 என்ற, லினக்ஸில் ஓடும் சின்னஞ்சிறு கணினி. அதனுடன் இரண்டு கையடக்க ஹார்ட் டிஸ்க்குகள்: ஒன்றில் குடும்பப் புகைப்படங்களும் சேர்வராயன் கோயில் திருவிழா வீடியோக்களும், மற்றதில் அவற்றின் நகலும் உள்ளன. சேலத்தில் ஒரு கடையிலேயே இயங்குதளம் முதல், கோப்புகளை வீட்டு நெட்வொர்க்கில் பகிரும் சாம்பா வரை எல்லாவற்றையும் நிறுவிக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறையில்லை.

குறை, எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் இருந்தது. அதில் இரண்டு டிஸ்க்குகளையும் எஸ்டிஏ1, எஸ்டிபி1 என்ற நிலையற்ற பெயர்களாலேயே குறித்து, விருப்பங்களுக்கான இடத்தில் டிஃபால்ட்ஸ் என்ற ஒரு சொல்லோடு முடித்திருந்தார்கள். இரவு முழுக்க இடியும் மின்தடையுமாக இருந்து விடிந்தபோது சர்வர், வேறு கணினியிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கும் பதில் சொல்லவில்லை, ரௌட்டரின் பட்டியலிலும் காணவில்லை. என்ன நடந்தது என்று பார்க்கத் திரை வேண்டும். பை 4-இல் இருப்பதோ மைக்ரோ எச்டிஎம்ஐ. அந்தக் கேபிளை வாங்கவும், ஹார்ட் டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று காட்டவும் சேலத்துக்கு இறங்கினேன்.

கடைக்காரர் டிஸ்க்கைத் தமது விண்டோஸ் கணினியில் செருகினார். ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று ஒரு பெட்டி திரையில் வந்தது. "டிஸ்க் போயிருச்சு சார், ஃபார்மேட் பண்ணிடலாம், டேட்டா வேணும்னா ரெக்கவரிக்குத் தனியா ஆகும்" என்றார். அவருடைய விரல் மவுஸ் மீதே இருந்தது. நான் கையை நீட்டிக் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு படபடக்கிறது. அந்த டிஸ்க் ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையில் அமைந்தது; விண்டோஸ் தன் இயல்பில் ஈஎக்ஸ்டி4-ஐப் படிக்காது; படிக்கத் தெரியாத பகுதியைக் கண்டால் ஃபார்மேட் செய்யலாமா என்றுதான் கேட்கும். இதைப் பழுது என்று சொல்பவர் லினக்ஸ் சர்வர் நிறுவித் தரும் கடையில் உட்கார்ந்திருப்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். லினக்ஸ் டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் யாராவது செருகினால் அந்தப் பெட்டியில் 'கேன்சல்' தவிர வேறெதையும் அழுத்த விடாதீர்கள்.

அதே கடையில் வாங்கிய கேபிள், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வீடு வந்து உறையைப் பிரித்தபோது, மினி எச்டிஎம்ஐ. அதன் முனை மைக்ரோவைவிடப் பெரியது, பை 4-இல் நுழையவே நுழையாது. பின்பு நண்பர் ஒருவரிடமிருந்து சரியான கேபிள் கிடைத்து டிவியோடு இணைத்தேன். எமர்ஜென்சி மோட் (தொடக்கம் பாதியில் நின்ற அவசர நிலை) என்ற அறிவிப்பும், அதன்கீழ் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு பூட்டப்பட்டிருப்பதால் கட்டளையிடும் கன்சோலைத் திறக்க முடியாது என்ற வரியும் மட்டும் தெரிந்தன. ஆகவே திரையைத் தேடி அலையவே வேண்டாம். எஸ்டி கார்டைக் கழற்றி, லினக்ஸ் உள்ள எந்த மடிக்கணினியிலாவது போட்டு, எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த இரு வரிகளின் முன்னும் ஒரு # குறியிட்டால் அவ்வரிகள் செயலற்றுப்போய், சர்வர் எழுந்துவிடும். எனக்கும் அப்படித்தான் எழுந்தது.

அதன் பிறகே மூல காரணம் புலப்பட்டது. பை 4-இன் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்துக் கிடைப்பது 1.2 ஆம்பியர் மட்டுமே. இரண்டு டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கினால் அது போதாது. ஒன்று எழ, மற்றது 'டிக், டிக்' என்று தலையை அடித்துக்கொண்டே நின்றது. லினக்ஸின் தொடக்கத்தையும் சேவைகளையும் நடத்தும் சிஸ்டம்டி, எழாத டிஸ்க்குக்காக 90 நொடி காத்திருந்து, பிறகு இயங்குதளம் முழுவதையும் எமர்ஜென்சி மோடில் நிறுத்திவிட்டது. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை வாங்கி இரண்டையும் அதில் மாட்டியதும் அந்த 'டிக்' சத்தம் அடங்கியது. ஹப் வாங்கும்போது, அது பைக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பாத வகையா என்று கேட்டு வாங்குங்கள். சில ஹப்புகள் அனுப்பும்.

எஃப்எஸ்டேப் வரிகளைப் புதிதாக எழுதினேன். எஸ்டிஏ, எஸ்டிபி ஆகியவை டிஸ்க்குகள் கண்டறியப்படும் வரிசையில் தரப்படுபவை. அடுத்த முறை இடம் மாறினால் அசலின் இடத்தில் நகல் மவுண்ட் ஆகி, இரவு நேர நகலெடுப்பு தலைகீழாக ஓடிவிடும். ஆகவே 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' (lsblk -f) கட்டளையில் தெரியும் யூயூஐடியை (UUID), அதாவது மாறாத தனி அடையாள எண்ணை, மட்டுமே எழுத வேண்டும். விருப்பங்களுக்கான நான்காவது இடத்தில் நோஃபெயில் (nofail) கட்டாயம். அது இருந்தால் டிஸ்க் வராவிட்டாலும் சர்வர் எழும். அதனுடன், டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரமான டிவைஸ்-டைம்அவுட்டை (x-systemd.device-timeout) 30 நொடியாகக் குறைத்தேன். கடைசி இடத்தில் 2 என்று இட்டால் மின்தடைக்குப் பின் கோப்பு முறைமை சோதிக்கப்படும்.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் ஆபத்து இனிமேல்தான். நோஃபெயில் போட்ட பிறகு, மற்ற சேவைகள் டிஸ்க் மவுண்ட் ஆகும்வரை காத்திருப்பதில்லை. ஒருமுறை டிஸ்க் வருவதற்கு முன்பே புகைப்படச் செயலி தொடங்கி, வெறும் கோப்புறைக்குள், அதாவது எஸ்டி கார்டிலேயே, கைபேசிப் படங்களையெல்லாம் கொட்டிவிட்டது. பிறகு டிஸ்க் அதே கோப்புறை மீது மவுண்ட் ஆனதும் அப்படங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. கார்டு நிரம்பிவிட்டது, எது நிரப்பியது என்று தேடினால் எங்கும் காணவில்லை. டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து பார்த்தபோது எல்லாப் படங்களும் அடியில் அப்படியே இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை என்று எண்ணிப் பார்த்த பிறகே மூச்சு வந்தது.

இதற்கு இரண்டு காவல்கள் வைத்தேன். செயலியை எப்படித் தொடங்குவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் சர்வீஸ் கோப்பில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் (RequiresMountsFor) என்ற வரியைச் சேர்த்ததால், டிஸ்க் வராமல் அது தொடங்காது. டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில், அந்த வெறும் கோப்புறைக்கு, மாற்றமுடியாதபடி பூட்டும் 'சிஎச்ஆட்டர் +ஐ' (chattr +i) கட்டளையைக் கொடுத்ததால், டிஸ்க் இல்லாத வேளையில் ரூட் கணக்கால்கூட அதில் எழுத முடியாது. மவுண்ட் ஆன பின் டிஸ்க்கில் எழுதுவதற்கு அது தடையில்லை.

எஃப்எஸ்டேப்பைத் திருத்தியவுடன் மறுதொடக்கம் செய்து பார்க்காதீர்கள். முதலில் சிஸ்டம்டியை டீமன்-ரீலோட் செய்து (புதிய வரிகளைப் படிக்கவைத்து), எழுத்துப்பிழை உண்டா என்று பார்க்க 'ஃபைண்ட்மவுண்ட்' (findmnt) கட்டளையை வெரிஃபை விருப்பத்தோடு ஓட்டி, அவ்வரிகளின்படி மவுண்ட் செய்யும் 'மவுண்ட் -ஏ' (mount -a) பிழையின்றி முடிகிறதா என்று பாருங்கள். அடுத்து, சர்வரை முறைப்படி நிறுத்தி, ஒரு டிஸ்க்கை வேண்டுமென்றே கழற்றிவைத்துத் தொடங்குங்கள். எஸ்எஸ்எச் கிடைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். எனக்குக் கிடைத்தது, அடுத்த மின்தடைக்குப் பிறகு இரண்டு டிஸ்க்குகளும் அவையவை இருக்க வேண்டிய இடத்திலேயே மவுண்ட் ஆகியிருந்தன.