எஸ்.என்.எம்.பி. கற்றல்: வழிகாட்டி நூலும் வயர்ஷார்க்கும்

வலையமைப்பு மேலாண்மை நெறிமுறைகளைப் பற்றி 1990களின் பிற்பகுதியில் அச்சான தடிமனான வழிகாட்டி நூல் ஒன்றை வைத்துக்கொண்டு வலையமைப்புக் கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க உதவும் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையைப் படித்து வருகிறேன். நூல் பழையது என்று தயங்க வேண்டியதில்லை. 1988-இல் முதல் வடிவம் பெற்று, 1990-இல் ஆர்.எப்.சி. 1157 என்ற இணையத் தரநிலை ஆவணமாக நிலைபெற்ற அந்த நெறிமுறையின் அடிப்படைகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஓர் அத்தியாயத்தைப் படித்ததும், அதில் சொல்லப்பட்ட செயலை டெபியன் லினக்ஸ் நிறுவிய பழைய மடிக்கணினியில் நெட்-எஸ்.என்.எம்.பி. என்ற மென்பொருள் கொண்டு செய்து பார்ப்பது, வலையமைப்பில் செல்லும் தரவுப் பொட்டலங்களைக் காட்டும் வயர்ஷார்க்கில் பாக்கெட்டைப் பிடித்து நூலிலுள்ள படத்தோடு பைட் பைட்டாக ஒப்பிடுவது என்பதே நான் பின்பற்றும் முறை.

முதலில் ஒப்பிட்டது, கருவி எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்று கேட்கும் மிகச் சிறிய கேள்வியை. யூ.டி.பி. 161-ஆம் போர்ட்டுக்குப் போகும் அந்தப் பாக்கெட் 48 என்ற பைட்டில் தொடங்குகிறது; தொடர்ந்து பதிப்பு எண், பிறகு அனுமதிக்கான அடையாளமாக அனுப்பும் கம்யூனிட்டி சொல், பிறகு கேள்வியின் வகை, கடைசியில் எதைக் கேட்கிறோம் என்ற முகவரி. இரண்டாம் பதிப்பைக் குறிக்கும் எண் 1 என்பதையும், முதல் பதிப்புக்கு 0 என்பதையும் நேரில் பார்த்தால்தான் மனத்தில் நிற்கிறது. முகவரி 1.3.6.1.2.1.1.3.0 என்று ஒன்பது எண்களாக எழுதப்பட்டாலும் பாக்கெட்டில் எட்டே பைட்டுகளாகச் செல்கிறது. முதல் இரண்டு எண்களை 40 பெருக்கல் 1 கூட்டல் 3 என்று சேர்த்து 43 என ஒரே பைட்டாக ஆக்கிவிடுகிறார்கள். 127-ஐத் தாண்டும் எண்களை ஏழு ஏழு பிட்டுகளாக உடைத்து அனுப்புகிறார்கள். நெட்-எஸ்.என்.எம்.பி. திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட 8072 என்ற எண் 191, 8 என்ற இரு பைட்டுகளாக மாறுவதைக் காகிதத்தில் கணக்கிட்டு, பாக்கெட்டிலும் அதையே கண்டபோது, நூலின் மிக வறண்ட அத்தியாயம் எனக்குப் பிடித்த அத்தியாயமாகிவிட்டது.

டெபியனில் இந்த எண்களுக்குப் பெயர் தரும் மிப் கோப்புகள் உரிமக் காரணங்களால் இயல்பாக வருவதில்லை. ஆகையால் திரையில் பெயர்களுக்குப் பதிலாக எண்களே தெரியும். அவற்றைத் தனியாக நிறுவ வழி இருந்தும், தொடக்கத்தில் எண்களோடேயே பழகுவது நல்லது என்று தோன்றியது. எண்களாகப் பார்க்கும்போதுதான் எல்லாத் தகவலும் ஒரே மரத்தின் கிளைகளாக அடுக்கப்பட்டிருப்பதும், "இதற்கு அடுத்தது எது?" என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு முழு மரத்தையும் நடந்து முடிக்க முடிவதும் விளங்குகின்றன. அட்டவணையில் எத்தனை வரிசைகள் உள்ளன, எங்கே முடிகிறது என்றெல்லாம், கருவியில் இருந்துகொண்டு பதில் தரும் நிரலான ஏஜென்ட் சொல்ல வேண்டியதில்லை. அடுத்ததை எடுத்துக் கொடுத்தால் போதும், எங்கே நிறுத்துவது என்பது கேட்பவரின் பொறுப்பு. இதே மடிக்கணினியில் இன்டர்பேஸ் (வலையமைப்பு இணைப்பு முனை) அட்டவணையைக் கேட்டால் முதலில் எதுவும் வராது. இயல்புநிலை அமைப்பு, கணினியைப் பற்றிய அடிப்படைக் கிளைகளை மட்டுமே வெளியே காட்டுகிறது, தன் கணினியிலிருந்து வரும் கேள்விகளை மட்டுமே கேட்கிறது. படிப்பவர்கள் அமைப்புக் கோப்பில் அந்தக் காட்சி வரம்பை விரித்துக்கொள்ள வேண்டும்.

நூலில் நான் அதிகக் காலம் தங்கியது கவுண்டர்களைப் பற்றிய பகுதியில். ஓர் இன்டர்பேஸ் வழியாக இப்போது என்ன வேகத்தில் தரவு போகிறது என்று ஏஜென்ட்டிடம் நேரடியாகக் கேட்க இந்த அடிப்படை அட்டவணையில் இடமில்லை. அது தருவது இதுவரை வந்த பைட்டுகளின் மொத்தத்தை மட்டுமே. வண்டியில் ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரை இரண்டு முறை பார்த்து வேகத்தைக் கணக்கிடுவது போல, இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தை இடையில் கழிந்த நேரத்தால் வகுக்க வேண்டியது நாம்தான். முதலில் இது குறைபாடாகத் தெரிந்தாலும், இந்த நெறிமுறையின் மிகச் சிறந்த முடிவு இதுதான் என்று இப்போது நம்புகிறேன். ஒரே ஏஜென்ட்டை ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையும் மற்றொருவர் பத்து நொடிக்கு ஒரு முறையும் கேட்டாலும், இருவருக்கும் அவரவர் இடைவெளிக்கு ஏற்ற சரியான சராசரி கிடைக்கும். ஒரு கேள்வி வழியில் தொலைந்தாலும் கணக்கு கெடாது. எளிய கருவியின் மேல் எந்தச் சுமையும் ஏறாது.

ஆனால் அந்த மொத்தம் 32 பிட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். 4,294,967,295-ஐத் தொட்டதும் கவுண்டர் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். முழு வேகத்தில் ஓடும் 100 மெகாபிட் இணைப்பில் இது ஆறு நிமிடத்துக்குள்ளாகவும், ஒரு கிகாபிட் இணைப்பில் சுமார் 34 நொடிகளிலும் நிகழும். 1995-இல் வெளிவந்த எம்.ஆர்.டி.ஜி. என்ற போக்குவரத்து வரைபட மென்பொருள் முதற்கொண்டு ஐந்து நிமிட இடைவெளியில் அளப்பது பரவலான வழக்கம். அந்த இடைவெளியில் கிகாபிட் இணைப்பின் கவுண்டர் பல முறை சுற்றி வந்திருக்கக்கூடும், எத்தனை முறை என்று அறிய வழியே இல்லை. இதற்காகவே 64 பிட் கவுண்டர்கள் வந்தன. அவற்றை முதல் பதிப்பு எஸ்.என்.எம்.பி. வழியாகக் கேட்க முடியாது, இரண்டாம் பதிப்பாவது வேண்டும். 1.3.6.1.2.1.31.1.1.1.6 என்ற கிளையில் அதைக் கேட்டுக்கொண்டே, வீட்டு வலையமைப்பில் அளவு தெரிந்த ஒரு கோப்பை நகலெடுத்துப் பார்த்தேன். கவுண்டர் கோப்பின் அளவைவிடச் சுமார் நான்கரை விழுக்காடு கூடுதலாக ஏறியது. ஒவ்வொரு 1,448 பைட் தரவோடும் ஈதர்நெட், ஐ.பி., டி.சி.பி. தலைப்புகளாக 66 பைட்டுகள் சேர்ந்து செல்வதால் அந்த வித்தியாசம் அப்படியே பொருந்துகிறது. இந்தப் பயிற்சியை நூலின் ஆசிரியர் சேர்த்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கவுண்டரோடு எப்போதும் இயங்கு நேரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதையும் இதே இடத்தில் குறித்துவைக்கிறேன். 1.3.6.1.2.1.1.3.0 தருவது ஏஜென்ட் நிரல் தொடங்கியது முதலான நேரத்தை. கணினி தொடங்கிய நேரம் வேண்டுமென்றால் 1.3.6.1.2.1.25.1.1.0-ஐக் கேட்க வேண்டும். நொடியின் நூறில் ஒரு பங்காக எண்ணப்படும் இதுவும் 32 பிட்டுதான் என்பதால், ஏறத்தாழ 497 நாள்களில் சுழிக்குத் திரும்பும். நீண்ட காலம் நிற்காமல் ஓடும் ஸ்விட்சுகள் திடீரென மறுதொடக்கமானது போலக் காட்சியளிக்க இது ஒரு காரணம்.

ட்ராப் பற்றிய அத்தியாயத்தை விரைவாகக் கடந்தேன். ஏஜென்ட் தானாக 162-ஆம் போர்ட்டுக்கு அனுப்பும் செய்தி அது. போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. ஒப்புகை கேட்கும் இன்பார்ம் என்ற வகை பின்னால் வந்தது. கேபிளைப் பிடுங்கி லிங்க்டவுன் செய்தி வருவதைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

பாதுகாப்பைப் பற்றி நூல் சொல்வது போதாது. கம்யூனிட்டி சொல் வெறும் எழுத்துகளாகவே செல்வதை வயர்ஷார்க்கில் கண்ட எவரும் அதைக் கடவுச்சொல் என்று அழைக்க மாட்டார்கள். ஆகவே 2002 டிசம்பரில் ஆர்.எப்.சி. 3411 முதல் 3418 வரை வெளியான மூன்றாம் பதிப்பின் ஆவணங்களுக்கே சென்றேன். பயனர் கடவுச்சொல்லை 1,048,576 பைட் நீளத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதி, அதன் ஹேஷை (அதிலிருந்து கணக்கிட்ட சுருக்க மதிப்பை) ஏஜென்ட்டின் தனி அடையாளமான என்ஜின் ஐ.டி.யோடு கலந்து திறவுகோல் உருவாக்குகிறார்கள். அதனால் பத்துக் கருவிகளில் ஒரே கடவுச்சொல் இருந்தாலும் திறவுகோல்கள் பத்தும் வேறு வேறு. ஒரு கருவி களவு போனாலும் அதிலிருந்த திறவுகோல் மற்றவற்றைத் திறக்காது. பழைய பாக்கெட்டைப் பிடித்து வைத்து மறுபடி அனுப்புவதைத் தடுக்க, ஏஜென்ட் தான் எத்தனை முறை தொடங்கியது, தொடங்கி எத்தனை நொடியாயிற்று என்ற இரண்டையும் நினைவில் வைத்து, 150 நொடிக்கு மேல் விலகிய செய்தியை நிராகரிக்கிறது. முதல் பதிப்பின் ஏஜென்ட்டுக்கு இல்லாத நினைவும் கடமையும் இங்கே வந்து சேர்கின்றன. இந்த விலை கொடுக்கத் தக்கது என்றே கருதுகிறேன்.

இனி மீதமிருப்பது அமைப்புகளை மாற்றும் செட் செயல். கண்காணிப்புக்கு இவ்வளவு பொருந்திய நெறிமுறை, அமைப்புகளை மாற்றுவதற்குப் பரவலாகப் பயன்படவில்லை என்பதை 2002-இல் நடந்த ஐ.ஏ.பி. (இணையக் கட்டமைப்பு வாரியம்) பயிலரங்கின் அறிக்கையான ஆர்.எப்.சி. 3535 வெளிப்படையாகப் பேசுகிறது. அதற்குப் பின் 2006-இல் வந்ததே அமைப்புகளை மாற்றுவதற்கான நெட்கான்ப் நெறிமுறை. பல மாற்றங்களைத் தனி நகலில் செய்துவைத்து, ஒரே கமிட்டில் நடைமுறைக்குக் கொண்டுவர அதில் வழி உண்டு. என்னிடமுள்ள நூல் அச்சாகும்போது அது பிறக்கவே இல்லை என்பதால், அடுத்த கட்டத்தில் அதை விவரிக்கும் ஆர்.எப்.சி. 6241-ஐயே பாடநூலாக வைத்து, ஒரே இன்டர்பேஸின் விவரக் குறிப்பைச் செட் வழியாகவும் நெட்கான்ப் வழியாகவும் மாற்றிப் பாக்கெட்டுகளை ஒப்பிடப் போகிறேன். நெட்கான்ப் 830-ஆம் போர்ட்டில் எஸ்.எஸ்.எச். என்ற மறைகுறியீட்டு இணைப்புக்குள் மறைந்து செல்வதால் வயர்ஷார்க்கில் உள்ளடக்கம் தெரியாது. அந்தப் பக்கத்துக்கு நிரலின் பதிவுகளையே நம்ப வேண்டியிருக்கும்.