எக்கோ அறையில் என் மௌனம்

"ஏம்மா, திடீர்னு பேச்சை நிறுத்திட்டீங்க? ஏதாவது இருக்கா?"

எக்கோவுக்காக, அதாவது இதய ஸ்கேனுக்காக, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தவர் கேட்டார். எக்கோ எடுப்பது என் வேலை. அதுவரை அவருடைய பேத்தியைப் பற்றித்தான் பேச்சு. "அளவு எடுக்கிறேன் சார். டாக்டர் பார்த்துட்டுச் சொல்வார்" என்றேன். சரியான பதில்தான். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது டாக்டர். நான் ஒன்று சொல்லி அவர் வேறொன்று சொன்னால், நோயாளி யாரை நம்புவார்?

இருந்தாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம், அவருக்கு முன்னால் வந்த இளைஞரிடம் நான் இப்படிச் சொல்லவில்லை. திரையைப் பார்த்துவிட்டு, "நீலமா வர்றது கெட்ட ரத்தமா?" என்று பயந்தார். நெஞ்சில் வைத்திருக்கும் புரோபை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம், அவ்வளவுதான் என்று சிரித்தேன். இ.எஃப்., அதாவது இதயத்துக்குள் இருக்கும் ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படும் சதவீதம், 62 என்றதும், "நூத்துக்கு 62தானா?" என்றார். எந்த இதயமும் ஒரு துடிப்பில் உள்ளே இருக்கும் ரத்தம் முழுவதையும் தள்ளாது, 55க்கு மேல் இருந்தால் பொதுவாக நார்மல் என்று அதையும் விளக்கினேன். ரிசல்ட் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நன்றாக இருப்பவரிடம் வாயாடிவிட்டு மற்றவரிடம் வாயை மூடினால், அந்த மௌனமே ரிப்போர்ட் ஆகிவிடுகிறது.

பேத்தியைப் பற்றிப் பேசியவருக்கு நுரையீரல் மறைத்துப் படம் தெளிவாக வரவில்லை. மூச்சை வெளியே விட்டுப் பிடிக்கச் சொன்னேன், விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தினேன். பேச்சை நிறுத்தியது அதனால்தான். பாதி அதனால்தான். இதயச் சுவரில் ஓர் இடம் மற்ற இடங்களைப் போலச் சுருங்காதது மாதிரி தெரிந்தது. நிஜமா, படக்கோளாறா என்று தெரியாமல் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரிடமும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொள்வதுதான் நியாயம். ஆனால் சட்டையைக் கழற்றி, சில்லென்ற ஜெல்லைத் தடவி, இருட்டறையில் அரை மணி நேரம் ஒருவரைப் படுக்கவைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பது எந்த ஊர் நியாயம்?

இப்போதெல்லாம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். "நடுவுல பேசமாட்டேன், ஒரே இடத்தை ரெண்டு மூணு தடவை பார்ப்பேன், அதுக்கு அர்த்தம் எதுவும் இல்லை." பெரும்பாலும் உண்மைதான். நீ சொல்லித்தான் அவர்களுக்குப் பயமே வருகிறது என்கிறார் கூட வேலை செய்பவர். சரி என்று சொல்லாமலும் விட்டுப் பார்த்தேன். திரையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள்.