வேலை போன பிறகு தெரியவரும் விதி

இஸ்ரேலைப் பற்றிப் பேசி வேலை இழந்த ஊடகக்காரர்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் சண்டை ஒரே கேள்வியில்தான் நடக்கிறது: அவர் சொன்னது சரியா, தப்பா? எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்விகள் வேறு. எந்த விதியை அவர் மீறினார், அந்த விதி முன்கூட்டியே அவருக்குச் சொல்லப்பட்டதா, முடிவெடுத்தது யார், யாருடைய நெருக்கடியில் எடுத்தார்கள்? பெரும்பாலும் இதற்கெல்லாம் பதிலே வெளியில் வராது. சிட்னியில் ஒரு வழக்கில் வந்தது.

2023 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி, தன் சிட்னி வானொலியின் காலை நிகழ்ச்சிக்கு அன்டோனெட் லட்டூஃப் என்ற பத்திரிகையாளரை ஐந்து நாளைக்கு மட்டும் எடுத்தது. முதல் நாளே புகார்கள் வரத் தொடங்கிவிட்டன. வானொலியில் அவர் பேசிய எதையும் பற்றி அல்ல. காசா பற்றி முன்பு சமூக ஊடகத்தில் எழுதியதை வைத்து, இவரை எப்படி எடுத்தீர்கள் என்று. பிறகு, காசாவில் இஸ்ரேல் பட்டினியைப் போர் ஆயுதமாகப் பயன்படுத்துகிறது என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு சொன்னதை அவர் இன்ஸ்டாகிராமில் பகிர்ந்தார். அதே அறிக்கையை ஏபிசியும் செய்தியாகப் போட்டிருந்தது! மூன்றாம் நாள் நிகழ்ச்சி முடிந்ததும், மீதி இரண்டு நாளும் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் நீதிமன்றம் போனதால்தான் உள்ளே நடந்த மின்னஞ்சல் பரிமாற்றம் நமக்குத் தெரியவந்தது. அப்போது ஏபிசியின் தலைவராக இருந்த இட்டா பட்ரோஸ், மேலாண்மை இயக்குநர் டேவிட் ஆண்டர்சனுக்கு எழுதிய ஒரு மின்னஞ்சலில், புகார்கள் இன்னும் குவிந்திருக்கின்றன என்று சொல்லிவிட்டு, இந்தப் பெண்ணுக்கு ஃப்ளூ வரக்கூடாதா, கோவிட் வரக்கூடாதா, வயிற்றுக் கோளாறு வரக்கூடாதா என்று கேட்டிருக்கிறார். ஒரு நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் உச்சியில் இருப்பவர், ஐந்து நாள் வேலைக்கு வந்த ஒருவரை நோயாளியாக்கி வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று யோசித்திருக்கிறார். அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. லட்டூஃப் என்ன தவறு செய்தார் என்ற விசாரணை அந்தப் பேச்சில் எங்குமே இல்லை. இந்தத் தொல்லை எப்போது தீரும் என்பது மட்டும்தான் இருக்கிறது.

2025 ஜூன் 25 அன்று ஃபெடரல் நீதிமன்ற நீதிபதி டேரில் ரங்கையா தீர்ப்பளித்தார். காசாவில் இஸ்ரேல் நடத்தும் ராணுவ நடவடிக்கையை எதிர்க்கும் அரசியல் கருத்து லட்டூஃபுக்கு இருந்தது என்பதும் நீக்கத்துக்கு ஒரு காரணம், அது சட்டவிரோதம் என்றார். புகார்கள் திட்டமிட்டு ஒருங்கிணைக்கப்பட்டவை என்றும் சொன்னார். 70,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு. செப்டம்பரில் மேலும் 1,50,000 டாலர் அபராதம். வழக்கை நடத்த ஏபிசி செலவழித்ததோ 20 லட்சம் டாலருக்கு மேல், அத்தனையும் மக்கள் பணம்.

இந்த வழக்கு நடந்ததற்கே காரணம், அரசியல் கருத்துக்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று ஆஸ்திரேலியச் சட்டத்தில் எழுதியிருப்பதுதான். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பேச்சுரிமை பற்றிப் பெருமையாகச் சொல்லப்படும் முதல் சட்டத்திருத்தம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை அல்ல. கனெக்டிகட் போலச் சில மாநிலங்களில் ஊழியருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. மற்றபடி பெரும்பாலானவர்களைக் காரணம் சொல்லாமலே அனுப்பலாம். அதிலும் தொலைக்காட்சியில் வந்து கருத்துச் சொல்பவர்கள் பலர் நிரந்தர ஊழியர்களே அல்ல, ஒப்பந்தக்காரர்கள். ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டோம் என்று நிறுவனம் ஒரு வரி அறிக்கை விட்டால் கதை முடிந்தது.

அமெரிக்காவின் சிஎன்என் தொலைக்காட்சியில் கருத்துச் சொல்லிவந்த மார்க் லமான்ட் ஹில் அப்படித்தான் போனார். 2018 நவம்பர் 28 அன்று ஐ.நா.வில் பேசினார், நதியிலிருந்து கடல்வரை சுதந்திர பாலஸ்தீனம் வேண்டும் என்று முடித்தார், மறுநாளே சிஎன்என் அவரைக் கைவிட்டது. யோர்தான் நதிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவில்தான் இஸ்ரேலும் இருக்கிறது என்பதால், அந்த முழக்கம் இஸ்ரேலையே இல்லாமல் ஆக்கச் சொல்வதாகப் பல யூதர்கள் கேட்கிறார்கள், அந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஹில்லும் தன் சொற்தேர்வு ஏற்படுத்திய காயத்துக்காக வருத்தம் தெரிவித்துப் பிறகு எழுதினார். ஆனால் அவரைக் கூப்பிட்டு, நேயர்கள் முன்னால் உட்காரவைத்து, நீங்கள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கலாமே! கேள்வி கேட்பதுதானே ஒரு செய்தித் தொலைக்காட்சியின் தொழில்?

எமிலி வைல்டர் விஷயம் இன்னும் மோசம். 2021 மே மாதம் அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்த இளம் யூதப் பெண். ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது பாலஸ்தீன ஆதரவு மாணவர் அமைப்பில் இருந்ததைத் தோண்டியெடுத்து வலதுசாரிகள் இணையத்தில் கூச்சல் போட்டார்கள். சில நாள்களில் வேலை போனது. மாணவர் கால நடவடிக்கைக்காக இல்லை, சேர்ந்த பிறகு சமூக ஊடக விதியை மீறியதற்காக என்றது நிர்வாகம். எந்தப் பதிவு மீறியது என்று கேட்டால் காட்டவில்லை என்கிறார் அவர். அங்கே வேலை செய்யும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டார்கள். அப்புறம்தான் விதிகளை மறுபரிசீலனை செய்யும் பேச்சு வந்தது. ஜெர்மனியின் பொது ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்ல 2022 பிப்ரவரியில் தன் அரபுப் பிரிவில் ஐந்து பேரை யூத வெறுப்புக் குற்றச்சாட்டில் நீக்கியது. அவர்களில் மராம் சலேம், ஃபரா மரக்கா இருவரும் அதே ஆண்டில் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். இஸ்ரேலின் இருப்புரிமையை ஆதரிக்கிறோம் என்ற வரியை நிறுவனம் தன் நடத்தை விதியில் சேர்த்ததும் அதே ஆண்டில்தான், நீக்கங்களுக்குப் பிறகு. முதலில் ஆளை அனுப்புவது, அப்புறம் விதியை எழுதுவது.

சரி, எது சொன்னாலும் வேலையில் வைத்திருக்க வேண்டுமா? இல்லை. கென்னடி காலத்திலிருந்து வெள்ளை மாளிகையில் ஜனாதிபதிகளைக் கேள்விகளால் குடைந்தெடுத்த பத்திரிகையாளர் ஹெலன் தாமஸ், 2010இல், யூதர்கள் பாலஸ்தீனத்தை விட்டு வெளியேறி போலந்துக்கும் ஜெர்மனிக்கும் போகட்டும் என்றார். எந்த நாடுகளில் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்களோ அந்த நாடுகளுக்கே! 89 வயதில் அதோடு அவர் எழுத்து வாழ்க்கை ஒரு விதத்தில் முடிந்தது. அவருக்காக வாதாட என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு மக்களை இனமாகப் பார்த்துத் துரத்தச் சொல்வதும், ஒரு அரசு போடும் குண்டை விமர்சிப்பதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தை நிதானமாகப் பார்த்துப் பிரிக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள், புகார்ப் பெட்டி நிரம்பிய வேகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் என் வாதம்.

எதிர்ப்பக்கத்துக்கும் எனக்கு இதே நியாயம்தான். அதே 2010 அக்டோபரில், விமானத்தில் முஸ்லிம் உடையில் ஆட்களைப் பார்த்தால் பதற்றமாகிவிடுகிறது என்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் சொன்ன ஹுவான் வில்லியம்ஸை, அவர் கருத்துரையாளராக வேலை செய்த அமெரிக்காவின் என்பிஆர் வானொலி தொலைபேசியிலேயே நீக்கியது. அவர் பேசியது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. நேரில் கூப்பிட்டு விளக்கம் கேட்காமல் அனுப்பியதும் பிடிக்கவில்லை.

கிரிக்கெட் வர்ணனைக்கே இது வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில், இலங்கையின் காலி நகரில் ஆஸ்திரேலியா ஆடிய முதல் டெஸ்ட் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள், வானொலி வர்ணனையிலிருந்து பீட்டர் லேலரை எஸ்இஎன் என்ற ஆஸ்திரேலிய விளையாட்டு வானொலி நிறுவனம் நீக்கிவிட்டது. காசா பற்றிய செய்திகளை அவர் எக்ஸ் தளத்தில் பகிர்ந்ததுதான் காரணம். நீங்கள் பகிர்வதால் மெல்பர்னில் யூதர்கள் பாதுகாப்பில்லாமல் உணர்கிறார்களே என்று கேட்டார்களாம். யாரும் அப்படி உணரக்கூடாது என்றுதான் நானும் விரும்புகிறேன் என்றிருக்கிறார் அவர். மைக்கில் பேசியது பந்தைப் பற்றி மட்டும்தான். அப்போது ஆஸ்திரேலிய அணியில் ஆடிக்கொண்டிருந்த உஸ்மான் கவாஜா வெளிப்படையாக லேலர் பக்கம் நின்றார். அதே ஆண்டு ஜூனில், பார்படோஸில் அந்த வானொலி மைக்கைப் பார்த்ததும் பேட்டி கொடுக்காமல் நகர்ந்தார். கவாஜாவால் அது முடியும், அவர் இடம் அப்படி. வர்ணனைக்கு நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் ஆளால் முடியுமா? வேலை போனவர்கள் பெயராவது நமக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு எழுதிய பதிவை அழித்தவர்கள் எத்தனை பேர் என்று யாராலும் எண்ண முடியாது.

ஊடக வேலைக்குப் போகிற இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கையெழுத்துப் போடும் முன், உங்கள் சொந்தக் கணக்கில் எதை எழுதக்கூடாது, புகார் வந்தால் விசாரிப்பது யார், பதில் சொல்ல உங்களுக்கு எத்தனை நாள் என்பதை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பேச்சும் போன் பேச்சும் போதாது. லட்டூஃப் வழக்கில் பெரிய விவாதமே இதில்தான் நடந்தது: அவருடைய மேலாளர் அந்த வாரம் சொன்னது, எதையும் பதிவிடாதே என்ற உத்தரவா, சர்ச்சையானதைத் தவிர்ப்பது நல்லது என்ற ஆலோசனையா? ஆலோசனைதான் என்று நீதிமன்றம் முடிவுக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது.