பக்கவாதப் பிரிவில் சில நாட்கள்: ஒரு செவிலியரின் நாட்குறிப்பு

பிப்ரவரி 10, திங்கள், காலை முறை

8.50-க்கு 61 வயதுத் தையல்காரர் ஒருவரை அழைத்து வந்தார்கள். வலது கையும் காலும் விழுந்திருந்தன. வாய் இடப்பக்கம் கோணியிருந்தது. பேச்சு அறவே இல்லை. எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு மனைவி, "காலைலேர்ந்துதான் சிஸ்டர்" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எங்களால் எதுவும் செய்ய முடியாது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கோ, விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து அல்ல, கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. பதறி நிற்பவரிடம் மணி கேட்டுப் பயனில்லை என்பதால், குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா, பால்காரர் வந்து போனாரா, பள்ளி வேன் புறப்பட்டதா என்றுதான் நான் கேட்பேன். பாலை வாங்கி வைத்தவர் அவரே என்பதும், காபி டம்ளர் அதற்குப் பிறகுதான் கையிலிருந்து நழுவியது என்பதும் மெல்ல வெளிவந்தன. மகன் பால்காரரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்: 6.30.

சர்க்கரை 142. சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே கை கால் விழும் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம். சிடி ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை. இரத்த அழுத்தம் 200/112 இருந்தது. 185/110-க்குக் கீழே இறங்காமல் ஊசியைத் தொட முடியாது, எனவே லேபெடலால் கொடுத்துக் காத்திருந்தோம். எடை 60 கிலோ, கட்டியைக் கரைக்கும் அந்த ஆல்டிபிளேஸ் மருந்து கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் என்று மொத்தம் 54, அதில் 5.4 ஒரு நிமிடத்தில், மீதி 48.6 ஒரு மணி நேரத்தில். நானும் இன்னொரு சிஸ்டரும் தனித்தனியே கணக்குப் போட்டு, விடை ஒத்த பிறகுதான் மருந்தைக் கலந்தோம். 9.48-க்குத் தொடங்கியது.

முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பின்னர் 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒருமுறை என இரத்த அழுத்தத்தையும் நினைவு நிலையையும் பார்க்க வேண்டும். கூட்டினால் 36 முறை. ஒரே ஆளுக்கு 36 முறை என்பது வார்டில் மற்ற படுக்கைகளும் இருக்கும்போது என்ன பொருள் தரும் என்பதைப் படிவம் அச்சடித்தவர் யோசித்திருக்க மாட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

24 மணி நேர சிடியிலும் கசிவு இல்லை. தையல்காரரின் வலது கால் சற்று அசைகிறது.

பயிற்சி மாணவி ஒருவர் அவருடைய கேஸ் ஷீட்டில் "சொல்வதைப் புரிந்துகொள்கிறார்" என்று எழுதியிருந்தார். எப்படித் தெரியும் என்றேன், செய்து காட்டினார். "கையைத் தூக்குங்க ஐயா" என்று சொல்லும்போதே மாணவியின் கையும் தானாக உயர்ந்தது. ஐயாவும் இடது கையை உயர்த்தினார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தில் எந்தக் குறிப்பும் காட்டாமல், "கண்ணை மூடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "உங்களுக்கு ஆறு வயசா?" என்றேன். ஆமென்று தலையசைத்தார்.

பக்கவாதத்தை மதிப்பிடும் அளவுகோலில் செய்து காட்டிச் செய்யச் சொல்வதற்கும் இடம் உண்டு, ஆனால் அது அளப்பது விழிப்பை, மொழியை அல்ல. அவர் பார்த்துச் செய்தாரே தவிர, கேட்டுச் செய்யவில்லை. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால், வலிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்ற கேள்விகளுக்கு அவர் அசைக்கும் தலையை எல்லாம் பதில் என்று நம்பி எழுதிக்கொண்டிருப்போம்.

பிப்ரவரி 12, புதன், இரவு முறை

நேற்றுக் காலை சேர்ந்த 46 வயதுப் பெண்ணுக்கு மூளையின் வலப்புறத்தில் பெரிய அடைப்பு. இரவு 1.10-க்கு அருகில் சென்றபோது கணவர் மெதுவாக, "இப்பத்தான் நல்லா தூங்குறா சிஸ்டர், எழுப்ப வேணாம்" என்றார். குறட்டைச் சத்தம் கேட்டது. பகல் முழுவதும் தலைவலி என்று புலம்பியவர் திடீரென்று இத்தனை நிம்மதியாகத் தூங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. நகக்கண்ணில் அழுத்திய பிறகே திறந்தார், உடனே மூடிக்கொண்டார். நினைவு நிலையை 15-க்கு அளக்கும் கிளாஸ்கோ அளவில் மாலை 14 இருந்தது 11 ஆகியிருந்தது. டார்ச் அடித்தபோது வலது கண்மணி இடதைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரிந்தது.

மருத்துவரை எழுப்பி, சிடி எடுத்து, வீங்கிய மூளைக்கு இடம் தர மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுக்கும் அறுவைக்கு 3 மணிக்குள் அனுப்பினோம். கணவர் வாசலில் நின்று, தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன் என்று பலமுறை சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியுமா? "நோயாளி தூங்குகிறார்" என்று இரவுக் குறிப்பில் எழுதிய கைகள் எங்களுடையவையும்தான்.

பிப்ரவரி 14, வெள்ளி

தையல்காரருக்குக் காய்ச்சல், 38.1 டிகிரி செல்சியஸ். வலது நுரையீரலின் அடியில் சளிச் சத்தம்.

நடந்தது இது. விழுங்கும் சோதனையில் அவர் தேறவில்லை என்பதால் மூக்கு வழிக் குழாயில்தான் உணவு போய்க்கொண்டிருந்தது. வாய் வழியாக எதுவும் தரக் கூடாது என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். நேற்று அவர் வீட்டுக்குப் போய்விட, துணைக்கு வந்த தம்பி, அண்ணனின் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்து இளநீர் புகட்டியிருக்கிறார். "ஒரு இருமல்கூட வரல சிஸ்டர், நல்லா குடிச்சாரு" என்கிறார். இருமாமலே மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதுதான் இந்த நோயின் வஞ்சகம். படுக்கையின் தலைமாட்டில் அட்டை தொங்கவிட்டிருக்க வேண்டியவள் நான். மனைவியிடம் சொன்னதோடு கடமை முடிந்ததாக எண்ணிவிட்டேன்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் முதல் மூன்று நாட்கள் செவிலியர்கள் வரைமுறையோடு கவனித்த இடங்களில், 90 நாட்களில் இறந்தோ பிறர் துணையின்றி இயங்க முடியாமலோ போனவர்கள் 42 சதவீதம். மற்ற இடங்களில் 58. புதிய மருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை. அந்த மூன்றில் ஒன்றைத்தான் நான் ஓர் இளநீரிடம் விட்டுக்கொடுத்தேன்.

பிப்ரவரி 19, புதன்

தையல்காரருக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாளாகிறது. விழுங்குவதை மீண்டும் சோதித்தோம். நிமிர்த்தி உட்கார வைத்து, வாயைத் துடைத்து, ஒரு தேக்கரண்டி தண்ணீர். என் இரண்டு விரல்கள் அவர் குரல்வளை மேல். அது மேலேறி இறங்குவது விரலுக்குத் தெரிய வேண்டும். பிறகு "ஆ" என்று நானே நீட்டிக் காட்டினேன். முன்பு அந்த "ஆ" தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போல ஈரமாக வந்தது. இன்று காய்ந்த குரலாக வந்தது. மூன்று கரண்டியும் அப்படியே. கெட்டியான கஞ்சி தரலாம் என்று மருத்துவர் எழுதினார்.

உறவினர் ஒருவர் புறா இரத்தம் தடவ அனுமதி கேட்டார். அதைவிட, வலது கையைப் பிடித்து இழுத்து அவரைத் தூக்காமல் இருந்தாலே தோள் பிழைக்கும் என்று சொல்லி, அக்குளுக்கும் முழங்கைக்கும் அடியில் தலையணை வைக்கக் கற்றுக்கொடுத்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

மதியம் பிசைந்த இட்லி ஊட்டிய மனைவி, முழுவதும் சாப்பிட்டுவிட்டார் என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். தட்டும் காலியாகத்தான் இருந்தது. அரை மணி கழித்து டார்ச்சோடு போய் வாயைத் திறக்க வைத்துப் பார்த்தபோது, உணர்வில்லாத வலது கன்னத்துக்குள் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு இட்லி அப்படியே தங்கியிருந்தது. துணி சுற்றிய விரலால் வழித்தெடுத்து மனைவியிடமும் தம்பியிடமும் காட்டினேன். தலைமாட்டு அட்டையில் "சாப்பிட்டதும் வலது கன்னத்தைப் பார்க்கவும்" என்று தம்பியே எழுதித் தொங்கவிட்டார்.